பொருத்தம் பார்த்தல்

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சிறு வியாபாரிகளுக்காக ஒரு செயலி செய்திருந்தார்கள். அன்றாட வரவு செலவை அதில் எழுதிவைக்கலாம்; அந்தக் கணக்கைக் காட்டிச் சிறு கடன் கேட்கலாம். நல்ல யோசனைதான். "பயனர் சோதனை முடிந்துவிட்டது சார். எட்டுப் பேர் செய்து பார்த்தார்கள். எட்டுப் பேருமே தடங்கல் இல்லாமல் முடித்தார்கள்" என்றார் அங்கிருந்த இளைஞர். யார் அந்த எட்டுப் பேர் என்று கேட்டேன். மூன்று பேர் அதே கட்டடத்தின் நான்காவது மாடியில் வேலை பார்ப்பவர்கள். இரண்டு பேர் அவர்களோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள். ஒருவர் மேலாளரின் அம்மா. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. ஒருவர் காபி இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவர். எட்டாவது ஆள் யார் என்பது அங்கே ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தக் காபி இயந்திரக்காரர் ஒருவர்மீதுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "ஒரு செயலியை ஆட்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் எங்கே முழிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது" என்பேன். "இதற்கா சம்பளம்?" என்பார்கள். பார்ப்பது கடினமில்லை, உண்மைதான். யாரைப் பார்ப்பது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. ஆனால் அந்த வேலையைத்தான் எல்லா இடத்திலும் கடைசி வாரத்தில், புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் தலையில் கட்டுகிறார்கள். "யாராவது ஐந்து பேரைப் பிடித்து வா."

இந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பயன்பாட்டு ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் டாம் லண்டாவரும் 1993-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டுவருகிறார். அடுத்தவர் வரும்போது அவற்றில் பல திரும்ப வரும், சில புதிதாக வரும். இப்படியே போனால் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும். நீல்சன் 2000-இல் இதை எளிமையாக எழுதிய பிறகு 'ஐந்து பேர் போதும்' என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு ஆகிவிட்டது. அதே எழுத்தில் அவர் சொன்ன இன்னொன்றை மட்டும் யாரும் படிப்பதில்லை. பயன்படுத்துவோரில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பிரிவுகள் இருந்தால், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனித்தனியாக மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டே அதே துறையின் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பொருள் வாங்கும் இணையதளங்களைச் சோதித்துவிட்டு, முதல் ஐந்து பேரில் 35 சதவீதக் குறைகள்தான் தெரிந்தன என்று எழுதினார்கள். எண்ணிக்கையைப் பற்றி அவர்கள் சண்டை போடட்டும். என் வழக்கு வேறு. ஒரே கல்லூரியில் படித்து, ஒரே சாலையில் வேலைக்குப் போய், ஒரே மாதிரி ஃபோன் வைத்திருக்கும் ஐந்து பேர் என் கணக்கில் ஒரே ஆள்தான். ஒரே ஆளை ஐந்து முறை உட்காரவைத்துவிட்டு, ஐந்து பேரைப் பார்த்தோம் என்று அறிக்கை எழுதுகிறோம்.

அப்படியானால் சோதனைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியிடம் கொடுத்துவிடலாமே என்பார்கள். கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அனுப்பும் பட்டியல் கல்யாணத் தரகர் கொண்டுவரும் ஜாதகக் கட்டு மாதிரி. வயது, வருமானம், ஊர், தொழில் என்று பத்துப் பொருத்தமும் தாளில் இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஆட்டோ ஓட்டுநர்களுக்கான ஒரு சோதனைக்கு ஒருவரை அனுப்பினார்கள். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "மனதில் நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், அவ்வளவுதானே சார்?" என்றார். எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "வண்டிக்கு எஃப்.சி. எப்போது வருகிறது அண்ணா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். வண்டியின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் அந்தத் தேதியை ஆட்டோக்காரர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். இவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் அது அவருக்கு நான்காவது சோதனையாம். ஒன்றில் மளிகைக் கடைக்காரர், ஒன்றில் சர்க்கரை நோயாளி. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் தருகிறோம் என்றால் யார்தான் வரமாட்டார்கள்?

அன்றிலிருந்து என் தேர்வுக் கேள்விகளில் வயதும் வருமானமும் கடைசிக்குப் போய்விட்டன. "போன வாரம் இதைச் செய்தீர்களா, எங்கே நின்றுகொண்டு செய்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறேன். செய்தவருக்கு அதற்குப் பதில் தானாக வரும். செய்யாதவர் பொதுவாகப் பேசுவார்.

அந்தச் செயலிக்குத் திரும்புகிறேன். வெளியீட்டை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்கவைத்தேன். ஆள் கொண்டுவரும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முதல் சிக்கல் நேரம். காலை 11 மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் அலுவலகத்துக்கு வரச் சொல்லலாம் என்றார்கள். விடியுமுன்பே கோயம்பேட்டில் பூ எடுத்துக்கொண்டு வருகிற பெண்மணிக்கு 11 மணி என்பது காலை வியாபாரம் முடிந்து ஒரு வாய் சோறு தின்னும் நேரம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை உட்கார்ந்து பூ கட்டுவார்கள். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மறுபடியும் கூட்டம். ஆகவே இரண்டு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதிக்கு நான் போனேன். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதுதான் அன்றைக்கு எங்கள் ஆய்வுக்கூடம்.

"அக்கா, இன்று காலையில் 1,200 ரூபாய்க்குப் பூ எடுத்ததாக இதில் எழுதுங்கள்" என்றேன்.

"கைக்காசா, கடனா?"

செயலியில் அப்படி ஒரு பிரிவே இல்லை. பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மீதியை மறுநாள் தருவதுதான் அவர் வழக்கம். எப்படியோ எழுதட்டும் என்று விட்டேன். மடியில் ஈரத்துணி, அதன்மேல் மல்லி, விரலில் வாழைநார். தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டுகிற கை. திரையைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டார். திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றிருந்தது போலும், '1' என்ற எண் இரண்டு முறை விழுந்து 11,200 ஆனது. "என்ன தம்பி, ஒரே நாளில் என்னைப் பணக்காரி ஆக்கிவிட்டாய்" என்று சிரித்தார். அழிக்கும் பொத்தான் எது என்று தேடுவதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். இரண்டு முழம் அளந்து கொடுத்து, சில்லறை வாங்கி, திரும்பிப் பார்த்தால் திரை அணைந்திருந்தது. திறந்தபோது செயலி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது.

அடுத்த கேள்வி: 'உங்கள் மாதத் தவணை எவ்வளவு?' அவருக்கு மாதத் தவணை என்று ஒன்று கிடையாது. தண்டல் உண்டு. 10,000 ரூபாய் என்று பேசி, முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினமும் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். மாலை ஆறு மணிக்கு வண்டியில் ஆள் வந்து வாங்கி, அட்டையில் குறித்துவிட்டுப் போவார். அந்த அட்டையை இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு சதுரம் ஒரு நாள். எத்தனை கட்டியாயிற்று, எத்தனை பாக்கி என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. 'மாத வருமானம்' என்ற கட்டத்தைப் படித்துக் காட்டியபோது, "முகூர்த்த நாளா, அமாவாசையா, மழை நாளா என்று கேட்கச் சொல், சொல்கிறேன்" என்றார்.

நான்காவது மாடியில் எட்டுப் பேர் தடங்கல் இல்லாமல் முடித்த செயலி இது. குளிர்சாதன அறை, உலர்ந்த விரல், மாதச் சம்பளம். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அடுத்த நாள் போன இடத்தில் வேறு ஒன்று தெரிந்தது. சைதாப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, "ஃபோனில் பணம் அனுப்புவீர்களா?" என்ற என் கேள்விக்கு, "தினமும் அனுப்புகிறேனே" என்றார். நேரில் உட்கார்ந்தபோது பார்த்தால், எந்தப் பொத்தானை அழுத்துவதாக இருந்தாலும் உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டார். பின் எண் அவனுக்குத்தான் தெரியும். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அனுப்புவது யார் என்றால் பாட்டிதான். பணம் அவருடையது, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்பவர் அவர். விரல் மட்டும் பேரனுடையது. இவர்களில் யார் என் பயனர்? பேரனை வெளியே அனுப்பிவிட்டுப் பாட்டியை மட்டும் சோதித்தால் அந்த வீட்டில் நடக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருவரையும் சேர்த்தே உட்காரவைத்தேன். ஓடிபி வந்தபோது அவன் படிக்க, அவர் "யாரிடமும் சொல்லாதே என்று போட்டிருக்குமே, போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். அந்த எச்சரிக்கையைப் படிப்பவன் ஒருவன், பயப்படுபவர் ஒருவர். நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் ஃபோன் இயங்குகிறது. இ-சேவை மையத்து ஊழியர் பத்துப் பேருக்கு விண்ணப்பம் போடுகிறார் என்றால் பயனர் ஒருவரா, பதினோரு பேரா?

ஆள் தேர்வு என்பது ஏதோ எங்கள் அலுவலக விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வங்கிக் கணக்குத் தொடங்க முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் இவர்தானா என்று சரிபார்க்கும் முறை இருக்கிறதல்லவா? அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, எண்முறைச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து 20 வழிகாட்டுதல்களைத் தந்தது. செயலியையோ இணையதளத்தையோ வடிவமைக்கும்போது சோதனைக் கட்டத்திலேயே பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. யாரைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் எங்கள் தொழிலுக்குச் சொல்லித்தரும்படி ஆகிவிட்டது. வெட்கமாக இருந்தது.

சரியான ஆளே கிடைத்தாலும் அவர் உண்மையைச் சொல்வார் என்பதற்கு உறுதியில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் "காபி நன்றாக இல்லை" என்று சொல்லவைக்க முடியுமா? பெங்களூரில் நடத்தி 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், காட்டிய இரண்டு பொருளும் ஒன்றேயானாலும், கேள்வி கேட்பவர் உருவாக்கியது என்று நம்பப்பட்டதை மக்கள் 2.5 மடங்கு அதிகமாக விரும்பியிருக்கிறார்கள். கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் 5 மடங்கு. அதனால் நான் போனவுடன், "இதைச் செய்தது நான் இல்லை. குறை கண்டுபிடித்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குறை இல்லாமல் போனால் எனக்குத்தான் பேச்சு விழும்" என்று சொல்லிவிடுவேன். அதன் பிறகு எனக்கு உதவுவதற்காகவாவது குறை சொல்ல ஆரம்பிப்பார்கள்.

ஆட்களை எங்கே பிடிப்பது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். மகளிர் குழுத் தலைவியிடம் கேட்டால் உடனே ஐந்து பேர் வருவார்கள். ஆனால் அது பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் நாளன்று முன்வரிசையில் உட்காரவைக்கப்படும் ஐந்து பேர். குழுவின் மானத்தைக் காப்பாற்ற வந்தவர்கள். எனக்குப் பிடித்த இடம் ரீசார்ஜ் கடை. அல்லது ஜெராக்ஸ் கடை. "ஃபோனை நீட்டி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடு தம்பி என்று உங்களிடம் அடிக்கடி வருபவர் யார்?" என்று கேட்டால், அவர் கை காட்டுகிற ஆளைவிடப் பொருத்தமானவர் எந்த ஏஜென்சியின் பட்டியலிலும் இல்லை.

பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கே. ஒரு நிறுவனம் காய்கறி விற்பவருக்கு இணையத்தில் பொருள் வாங்கும் பரிசுக் கூப்பனை அனுப்பியது. அதுவும் மின்னஞ்சலில். இன்னொன்று, ஒப்புதல் படிவம். இரண்டு பக்க ஆங்கிலத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த தலைமுறையின் பிள்ளைகள் எழுந்து போகத்தான் செய்வார்கள். ஒரு பக்கம், தமிழில், வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

பணமும் நேரமும் இல்லாத சிறு நிறுவனங்கள் என்ன செய்யும் என்பீர்கள். நான்காவது மாடிக்காரர்களை எழுத்துப்பிழை பார்க்கவும், வேலை செய்யாத பொத்தானைக் கண்டுபிடிக்கவும் கூப்பிடுங்கள். அதற்கு அவர்கள் தாராளமாகப் போதும். மிச்சமிருக்கும் பணத்தில் ஒரே ஒரு பூக்கார அக்காவைப் பாருங்கள்.

இப்போது அந்தச் செயலியில் கைக்காசு, கடன் என்று இரண்டு பிரிவு வந்திருக்கிறது. எண்கள் பெரிதாகியிருக்கின்றன. தண்டல் அட்டை மாதிரி நூறு சதுரம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த சுற்றுக்கு, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் பெண்கள் நான்கு பேர் வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற நேரத்துக்கு அவர்கள் இருக்கிற இடத்துக்கு நானே வருவேன். ஒரு மணி நேரத்துக்கு 800 ரூபாய், கையில். ஃபோனை மகனோ மகளோதான் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்களும் வரட்டும், அவர்களுக்குத் தனியாகப் பணம் உண்டு. கையைத் துடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.