காய்ச்சல் என்று எழுதினால் பீதி கிளப்புவதா?

நேற்று நம் ஏரியா குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். "எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் காய்ச்சல், கொசு மருந்து அடிக்க யாரிடம் சொல்வது?" என்று ஒரு அம்மா கேட்டார். பதிவைத் தூக்கிவிட்டார்கள். பீதி கிளப்புகிறாராம். ஏன் தூக்கினீர்கள் என்று கேட்ட எனக்கும் அதே பட்டம்.

அது பீதி இல்லை, தகவல். ஒருவருக்கு டெங்கு என்பது அரசுக் கணக்கில் ஏறுவதற்குள் என்னென்ன நடக்கிறது? முதலில் மெடிக்கலில் மாத்திரை. அப்புறம் தெருமுனை டாக்டர். காய்ச்சல் விடவில்லை என்றால்தான் ரத்தப் பரிசோதனை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நாமோ காய்ச்சல் வந்த அன்றே முகநூலில் புலம்பிவிடுகிறோம். அந்தப் புலம்பலைத்தான் சுகாதாரத் துறை படிக்க வேண்டும் என்கிறேன். 2010இல் ஹைட்டியில் காலரா பரவியபோது, அதன் போக்கு ட்விட்டரிலும் இணையச் செய்திகளிலும் அரசுக் கணக்கைவிட இரண்டு வாரம் வரை முன்பே தெரிந்ததாக ஆய்வே வந்திருக்கிறது.

"கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் ஊத்திக்கொண்டதே?" என்கிறார் ஒரு நண்பர். ஆமாம். ஃப்ளூ காய்ச்சல் எவ்வளவு பரவுகிறது என்று கணித்த கூகுள் சேவை அது. 2012-13 ஃப்ளூ சீசனில் அமெரிக்காவில் உண்மையைவிட ஏறக்குறைய இரு மடங்காகக் கணித்தது, 2015இல் நிறுத்தினார்கள். அது தேடல் சொற்களை வைத்துப் போட்ட கணக்கு; நான் சொல்வது ஜனங்களே எழுதுவதைப் படிக்க. ரத்தப் பரிசோதனையை விட்டுவிடுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று தெரிந்தால் போதும். அந்தரங்கம் என்பீர்கள். சரி, பெயரும் நம்பரும் யாருக்கு வேண்டும்? தெருவும் தேதியும் போதும்.

பொய்யும் பரவுமே என்கிறீர்கள். அதனால்தான் படிக்கச் சொல்கிறேன்! 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது அந்தத் தடுப்பூசியைப் பற்றிப் பயமுறுத்தும் ஒரு ஆடியோ என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பள்ளியில் கொடுத்த சீட்டில் கையெழுத்துப் போடாமல் பையனை லீவு போட வைத்தார். அக்கா முட்டாள் இல்லை, பயந்துபோன தாய். அவரைப் போலப் பலர் தயங்கியதால் முகாமையே நீட்டிக்க வேண்டி வந்தது. அந்த ஆடியோ சுற்றத் தொடங்கிய அன்றே ஒரு டாக்டர் அதே வாட்ஸ்அப்பில் பதில் பேசியிருக்கக் கூடாதா?

பிரியாணி என்று எழுதினால் அடுத்த நிமிடம் விளம்பரம் வருகிறது. விற்கிறவன் நாம் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிறான். காய்ச்சல் என்று எழுதினால் மட்டும் வாயை மூடு என்கிறீர்கள். "உனக்கு வேறு வேலையே இல்லையா?" என்று இன்பாக்ஸில் வேறு கேட்கிறார்கள். சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் எனக்கு, மழைக்காலத்தில் இதைவிட வேறென்ன வேலை இருக்கிறது?