தவணை கேட்டவனின் உவமை

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் இரக்கமற்ற பணியாளனின் உவமையை, வன்னியின் ஆலயங்களில் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். கெஞ்சிய பணியாளனின் பெருங்கடனை அரசன் தள்ளிவிடுகிறான்; அந்தப் பணியாளனோ, தனக்கு நூறு தெனாரியம் என்ற சிறு கடன் தரவேண்டிய உடன் பணியாளன் அதேபோலக் கெஞ்சியும் அவனைச் சிறையில் போடுகிறான். அரசன் கணக்குப் பார்க்கும் இடத்தை இரண்டு வசனங்களில் கடந்து, அயலவருடன் பகை பாராட்டக் கூடாது என்ற அறிவுரைக்கு மறையுரைகள் போய்விடுகின்றன. இயேசுவிடம் பேதுரு கேட்டது மன்னிப்பைப் பற்றித்தான் என்பதால் அதில் பிழையில்லை. ஆனால் இயேசு விடையாகச் சொன்னது ஒரு கடன் கதை. அதைக் கேட்டுக்கொண்டு பாயில் இருக்கும் பெண்கள் பலரின் கைப்பையில் செபமாலையோடு நுண்கடன் அட்டையும் இருக்கிறது.

ஒரு தடவை மட்டும் வேறுவிதமாக நடந்தது. இளம் குரு ஒருவர் சனிக்கிழமை மாலை அயல் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு வந்து, அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, நூறு தெனாரியம் இங்கே எவ்வளவு வரும் என்று கேட்டார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்று அவர் சொன்னதும், பெண்கள் கச்சான் பிடுங்கும் கூலியை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். பிறகு ஒரு அக்கா கேட்டார்: “அவன் கடனைத் தள்ளிவிடச் சொல்லிக் கேக்கேல்லையே பாதர், தவணைதானே கேட்டவன்?” வசனத்தைத் திரும்பப் பார்த்தோம். பொறுத்துக்கொள்ளும், தந்துவிடுகிறேன் என்றுதான் இரு கடனாளிகளும் கெஞ்சுகிறார்கள். அடுத்த நாள் பிரசங்கம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது.

இது வேதத்தை நம் வசதிக்கு வளைப்பதல்ல. பூசையில் “எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்” என்று நாம் செபிக்கும் இடத்தில், மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் நிற்பது கடன்கள் என்ற சொல். இயேசு பேசிய அரமேயத்தில் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல் வழங்கியது. ஏழாம் ஆண்டில் கடனை விடுவிக்கச் சொல்லும் இணைச்சட்டம் 15ஆம் அதிகாரமும் அதே மரபில் நிற்கிறது. ஆகவே, ஒன்றை ஆன்மீகம் என்றும் மற்றதை உலகக் காரியம் என்றும் பிரிப்பதுதான் மூலத்திலிருந்து விலகிய வாசிப்பு என்று நான் கருதுகிறேன்.

ஒரே குருவானவர் பல கிளை ஆலயங்களைப் பார்க்க வேண்டியிருப்பதும், ஆயத்தம் செய்ய நேரமின்றி அச்சிட்ட மறையுரை நூலை நாட வேண்டியிருப்பதும் எனக்குத் தெரியும். பூசை வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இந்த வாசகம் 2026 செப்டெம்பர் 13ஆம் திகதிக்கு உரியது. அதற்கு முந்திய கிழமையில், நுண்கடன் குழுவின் கட்டுக்காசு, அதாவது தவணைப் பணம், சேர்க்கும் ஏதாவதொரு முற்றத்தில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள், பாதர். ஒருத்தியின் காசு குறைந்தால் மற்றவர்கள் சேர்த்துக் கொடுக்கும்வரை எவரும் எழும்ப முடியாத அந்த இடத்தில், “பொறுத்துக்கொள்ளும்” என்பதை எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.