300 பேரைப் பாடுகிறீர்கள், 35,000 பேரை எங்கே விட்டீர்கள்?

அந்த மேடைப் பேச்சு வீடியோவைப் பற்றி இனிப் பேசவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெரிய மனிதர் ஒருவர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால், பழைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் 300 வீரர்களையும் ஒழுக்கத்தையும் புகழ்ந்து பேசிய வீடியோ அது. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்கவும் வேண்டாம். ஆனால் நேற்று இரவு அதன் கீழே எனக்கு வந்த பதில்களைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. நான் எழுதியது நான்கே வரி. "ஸ்பார்ட்டாவின் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்னீர்கள், நன்று. அந்த வீரர்களுக்குச் சோறு போட்டது யார் என்பதையும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாமே" என்பதுதான் அதன் சாரம். இதற்கு "எதிலும் குறை தேடுபவர்", "வீரம் என்றாலே அலர்ஜி", "ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுபவர்" என்று வரிசையாகப் பட்டங்கள். கேட்ட கேள்விக்கு ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. சோறு போட்டது யார்?

ஹெலட்டுகள். மெஸ்ஸீனியா, லக்கோனியா என்ற இரண்டு பகுதிகளின் உழவர்கள். இதில் லக்கோனியா ஸ்பார்ட்டாவைச் சுற்றியிருந்த பகுதி, மெஸ்ஸீனியா மேற்கே, டைகெட்டஸ் மலைக்கு அந்தப் பக்கம். அதை ஸ்பார்ட்டா போரிட்டுப் பிடித்து, அந்த மக்களை அவர்கள் சொந்த நிலத்திலேயே அடிமைகளாக்கியது. தோற்றவர்கள் விளைச்சலில் பாதியை எஜமானர்களிடம் கொண்டுபோய்க் கொட்டினார்கள், சுமை ஏற்றிய கழுதைகளைப் போல என்று பாடியது யாரோ எதிரி இல்லை, ஸ்பார்ட்டாவின் சொந்தக் கவிஞர் டிர்டேயஸ். ஒரு ஸ்பார்ட்டா குடிமகன் ஏர் பிடிக்க மாட்டான், கைத்தொழில் செய்ய மாட்டான். ஏழு வயதில் பயிற்சிக்குப் போகிறான், பிறகு பொது உணவுக்கூடத்தில் சாப்பிடுகிறான், அதற்கான மாதப் பங்கைக் கட்ட முடியாவிட்டால் குடியுரிமையே போய்விடும். அந்தப் பங்கு, அந்த பார்லி, அந்த ஒயின் எல்லாம் எங்கிருந்து வந்தன? நாள் முழுக்கப் பயிற்சி செய்ய நேரம் எப்படிக் கிடைத்தது? வேறொருவன் வயலில் நின்றதால் கிடைத்தது. இதைச் சொல்லாமல் "ஒழுக்கம், ஒழுக்கம்" என்று இருபது நிமிடம் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

அதைவிட, அந்த ஒழுக்கம் யாரைப் பார்த்து என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பார்ட்டாவில் ஆண்டுக்கு ஐந்து எஃபோர்களை, அதாவது உயர் அதிகாரிகளை, தேர்ந்தெடுப்பார்கள். அரசர்கள் இரண்டு பேர் இருந்தாலும் அவர்களையே கேள்வி கேட்கும் அதிகாரம் இந்த ஐவருக்கு உண்டு. இவர்கள் பதவியேற்றதும் செய்கிற காரியங்களில் ஒன்று ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பது. பாரசீகத்தின் மீது இல்லை, ஏதென்ஸ் மீது இல்லை, தங்கள் வயலில் வேலை செய்கிறவர்கள் மீது! ஒவ்வொரு ஆண்டும்! போர் அறிவித்துவிட்டால் அவர்களைக் கொல்வது தெய்வக் குற்றம் ஆகாதாம். அரிஸ்டாட்டில் சொன்னதாக கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க் இதை எழுதிவைத்திருக்கிறார். க்ரிப்டெயா என்று ஒன்று இருந்தது. தேர்ந்தெடுத்த இளைஞர்களிடம் குறுவாள் கொடுத்து அனுப்புவார்கள். பகலில் பதுங்கியிருந்து, இரவில் பாதையில் அகப்படும் ஹெலட்டுகளைக் கொல்ல வேண்டும். சில நேரம் வயலுக்கே போய், இருப்பதிலேயே திடகாத்திரமானவனைப் பார்த்துக் கொல்வார்கள். மேடையில் சொன்ன "இளைஞர் பயிற்சி"யில் இதுவும் ஒரு பாடம்தான்.

இதெல்லாம் பிற்காலத்துக் கதை என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, புளுட்டார்க்கை விடுவோம், அவர் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர். வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஏதென்ஸ்காரர், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலோபொன்னேசியப் போரில் படைத்தலைவராக இருந்தவர், ஸ்பார்ட்டாமீது அவருக்குத் தனி வெறுப்பு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் எழுதுகிறார்: போரில் எங்களுக்குச் சிறப்பாகத் தொண்டு செய்ததாக நினைக்கும் ஹெலட்டுகள் முன்வாருங்கள், விடுதலை தருகிறோம் என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. முதலில் முன்வருகிறவன்தான் தன்மானம் உள்ளவன், நாளைக்குக் கலகம் செய்யக்கூடியவனும் அவன்தான் என்பது கணக்கு. சுமார் 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தலையில் மாலை சூடி, விடுதலை கிடைத்துவிட்டது என்று கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச நாளில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை என்று முடித்துவிடுகிறார். முதன்முதலாக இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மாலையோடு கோயிலைச் சுற்றியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் இன்றுவரை என்னை விடவில்லை.

அப்புறம் அந்த 300. தெர்மோபிலே கணவாய், கி.மு. 480, பாரசீகப் படையைத் தடுக்க நடந்த போர். அங்கே செத்த ஸ்பார்ட்டா அரசன் லியோனிடஸின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. மறுத்ததாக எனக்குப் பதில் எழுதியவர்கள் தயவுசெய்து என் வரிகளை இன்னொரு முறை படியுங்கள். ஆனால் அந்தக் கணவாயில் முதலில் நின்றவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள். கடைசி நாளில் மற்றவர்கள் கிளம்பிய பிறகும் ஸ்பார்ட்டாக்காரர்களோடு விரும்பி நின்றவர்கள் தெஸ்பியா என்ற சின்ன ஊரின் 700 பேர். அந்த ஊருக்கு அதைவிட்டால் பெரிய படையே கிடையாது. எல்லோரும் செத்தார்கள், பாரசீகப் படை வந்து ஊரையும் கொளுத்தியது. அடுத்த ஆண்டு பாரசீகத்தை எதிர்த்து நடந்த பிளாட்டியா போருக்கு தெஸ்பியாவில் மிஞ்சியவர்கள் 1,800 பேர் வந்தார்கள், கனமான போர்க்கவசம் கூட இல்லாமல் வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறித்திருக்கிறார். தெஸ்பியாக்காரர்களுக்குத் தெர்மோபிலேயில் தனி நினைவுச்சின்னம் வைத்தது 1997ல்தான். தெர்மோபிலேயில் ஹெலட்டுகளும் செத்துக்கிடந்தார்கள். அதுவும் ஹெரோடோட்டஸிலேயே இருக்கிறது. பிளாட்டியாவுக்கு ஸ்பார்ட்டா அனுப்பிய குடிமக்கள் 5,000 பேர், ஒவ்வொருவருக்கும் ஏழு ஹெலட்டுகள் வீதம் 35,000 பேர். மேடையில் இந்த எண் வந்ததா? வரவில்லை. 300 மட்டும் பதினைந்து தடவை வந்தது.

"அந்தக் காலத்தில் எல்லோரும்தான் அடிமை வைத்திருந்தார்கள், ஏதென்ஸ் மட்டும் யோக்கியமா?" இது எனக்கு வந்த கேள்விகளில் கொஞ்சம் மதிக்கத்தக்கது. ஏதென்ஸ் யோக்கியம் இல்லை. லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் அடிமைகள் பூமிக்கடியில் கிடந்து வேலை செய்தார்கள், அந்த வெள்ளியில்தான் சலாமிஸ் கடற்போரில் பாரசீகத்தை ஜெயித்த கப்பல்கள் கட்டப்பட்டன. பெண்களுக்கு வாக்கு கிடையாது. குடியேறி வந்தவன் தலைமுறை தலைமுறையாக வரி கட்டினாலும் பெரும்பாலும் குடிமகன் ஆக முடியாது. கி.மு. 416ல் மீலோஸ் தீவு நடுநிலையாக இருக்கிறோம் என்று கெஞ்சியும் கேட்காமல், அங்கிருந்த ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். இதில் எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், மீலோஸ் கொடுமை நமக்குத் தெரிவதே ஏதென்ஸ்காரர் ஒருவர் அதை எழுதிவைத்ததால்தான். கி.மு. 427ல் தன்னை எதிர்த்துக் கலகம் செய்த மிட்டிலீனி ஊரின் ஆண்களை எல்லாம் கொல்ல ஏதென்ஸ் சபை வாக்களித்தது, கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாள் மனசு உறுத்தி, திரும்பக் கூடி, விவாதித்து, முடிவை மாற்றி, இரண்டாவது கப்பலை விரட்டி அனுப்பினார்கள். கலகத்தின் தலைவர்கள் என்று ஆயிரம் பேரை அதற்குப் பிறகும் கொன்றார்கள், அது கொடுமைதான். ஆனாலும் அங்கே மறுநாள் எழுந்து "நேற்று செய்தது தப்பு" என்று ஒருவன் சொல்ல இடம் இருந்தது. ஸ்பார்ட்டாவில் குடிமக்கள் சபை கூச்சல் போட்டு வாக்களிக்கும், யார் சத்தம் பெரிசோ அந்தப் பக்கம் ஜெயித்தது. அந்த 2,000 பேருக்காக யாராவது மறுநாள் எழுந்து பேசியதாக ஒரு வரி காட்டுங்கள்.

"ஸ்பார்ட்டாப் பெண்களுக்குச் சொத்துரிமை இருந்ததே?" இருந்தது. அந்த நிலத்தில் உழுதது யார்?

சில வருஷங்களுக்கு முன் வேலை விஷயமாக ஏதென்ஸ் போயிருந்தபோது இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. கூட வந்தவர்கள் தீவுகளுக்குப் போனார்கள். நான் பஸ் பிடித்துக் கலமாட்டா போய், அங்கிருந்து ஒரு டாக்ஸியில் இதோமி மலை அடிவாரத்துக்குப் போனேன். அங்கேதான் பழைய மெஸ்ஸீனி நகரம் இருக்கிறது. கி.மு. 371ல் லியூக்ட்ராவில் தீப்ஸ் படை ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்தது. களத்துக்கு வந்த 700 ஸ்பார்ட்டா குடிமக்களில் 400 பேர் செத்தார்கள், அரசன் உட்பட. அதற்கு அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில் தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸ் நேரே லக்கோனியாவுக்குள் நுழைந்து, மெஸ்ஸீனியாவை விடுவித்து, கி.மு. 369ல் அந்த மக்களுக்கென்று இந்த நகரத்தைக் கட்டிக்கொடுத்தார். அதற்கும் சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முன் ஸ்பார்ட்டாவில் நிலநடுக்கம் வந்தபோது இதே இதோமி மலையில்தான் ஹெலட்டுகள் ஏறி நின்று வருஷக்கணக்கில் போராடினார்கள். அந்த மலையைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டருக்குக் கல்மதில், காவல் கோபுரங்கள், வட்ட முற்றத்தோடு ஒரு பெரிய வாசல். பல இடத்தில் இன்னும் அப்படியே நிற்கிறது. அந்தக் கல்லில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். இனி ஒருவனும் இந்த மலையைத் தாண்டி வந்து எங்களைப் பிடிக்கக் கூடாது என்று முடிவெடுத்தவர்களின் மதில் அது. அங்கே என்னைத் தவிர ஒரு வயதான ஜெர்மன் தம்பதி மட்டும் இருந்தார்கள். மறுநாள் ஸ்பார்ட்டியில், அதாவது இன்றைய ஸ்பார்ட்டா ஊரில், லியோனிடஸ் சிலைக்குப் போனேன், படம் எடுக்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். சிலையின் அடியில் "வந்து எடுத்துக்கொள்" என்று கிரேக்கத்தில் பொறித்திருக்கிறது, ஆயுதங்களைக் கொடு என்ற பாரசீகப் பேரரசருக்கு அவர் சொன்னதாகச் சொல்லப்படும் பதில். அதற்கு முன்னால் நின்று எல்லோரும் கையை மடக்கிக் காட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. இதைச் சொன்னால் இன்னொரு பட்டம் கிடைக்கும், கிடைக்கட்டும்.

சுதந்திரத்துக்காக நின்றவர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். யாருடைய சுதந்திரம்? பிளாட்டியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 479ல் பாரசீகத்தை அங்கே ஜெயித்ததும் ஸ்பார்ட்டாவின் தளபதி பாசேனியஸ் அந்த ஊர்ச் சந்தையில் பலி கொடுத்து, இந்த ஊரை இனி யாரும் தொடக் கூடாது என்று உறுதி கொடுத்தார். ஐம்பது வருஷம் கழித்து அதே ஊரை அதே ஸ்பார்ட்டா முற்றுகையிட்டது. சரணடைந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கு ஏதாவது உதவி செய்தாயா?" என்று ஒரே கேள்வி. இல்லை என்றவனைக் கொண்டுபோய்க் கொன்றார்கள், இருநூறு பேருக்குக் குறையாமல். பிறகு ஏதென்ஸை வீழ்த்தப் பாரசீகத்திடமே காசு வாங்கினார்கள். ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தளபதி லைசாண்டரின் கப்பல் படைக்குச் சம்பளம் கொடுத்தது பாரசீக இளவரசர் சைரஸ். கடைசியில் கி.மு. 386ல் பாரசீகப் பேரரசர் எழுதி அனுப்பிய சமாதானத்தை ஏற்று, ஆசியக் கரையிலிருந்த கிரேக்க ஊர்களை அவரிடமே விட்டுக்கொடுத்து, அந்த ஆணையை மற்ற கிரேக்கர்கள் மீது அமல்படுத்தும் காவல்காரனாக நின்றதும் ஸ்பார்ட்டாதான். லியோனிடஸ் செத்து நூறு வருஷம்கூட ஆகவில்லை. மெஸ்ஸீனி உருவான பிறகு, கி.மு. 362ல் மன்டினியா போர் முடிந்து எல்லா ஊர்களும் பொது சமாதானத்துக்கு வந்தபோது ஸ்பார்ட்டா மட்டும் சேரவில்லை. காரணம், மெஸ்ஸீனியும் ஒரு சுதந்திர ஊராக அதில் இருந்தது. தன் பழைய அடிமை தனக்குச் சமமாகக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க முடியாத ஊரைச் சுதந்திரத்துக்கு உதாரணம் காட்டினால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

"உத்வேகத்துக்குத்தானே சொன்னார், விடுங்களேன்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். உத்வேகம் அவர்களுக்கு மெஸ்ஸீனியாவிலிருந்தும் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக மண்ணோடு மண்ணாக அழுத்தப்பட்டும் தாங்கள் யார் என்பதை மறக்காமல், மலையேறி நின்று, கடைசியில் தங்கள் ஊரைக் கட்டியவர்கள். இதைவிட எந்த வீரக்கதை வேண்டும்?

பட்டம் கொடுத்தவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை, அவர்களை எனக்குத் தெரியாது. என்னோடு உட்கார்ந்து ஹெரோடோட்டஸ் படித்த ஒருவர், இரவெல்லாம் தெஸ்பியாவைப் பற்றி என்னிடம் பேசியவர், "இவருக்கு வேற வேலை இல்ல" என்ற கமெண்டுக்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார். அதுதான் வலிக்கிறது. உங்களுக்குத் தெரியும் நான் சொன்னது பொய் இல்லை என்று. தெரிந்தும் சிரித்தீர்கள்.

கமெண்டை எடுத்துவிடுங்கள், அவர் பெரிய மனிதர், சங்கடப்படுகிறார் என்று இன்பாக்ஸில் வந்த அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எடுக்க மாட்டேன். அடுத்த மேடையில் அந்த 2,000 பேரைப் பற்றி ஒரே ஒரு நிமிடம் அவர் பேசட்டும். அந்த வீடியோவை நானே ஷேர் செய்கிறேன்.