கழற்றிப் பூட்டுற வேலைக்கு ஏன் இரண்டு நாள்?

போன கிழமை ஒரு அலுவலகத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது. தரவைச் சேமித்து வைக்கும் பழைய ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும் 12 டிஸ்க்கையும் புதிய பெட்டிக்கு மாற்ற வேண்டும். நான் சனியும் ஞாயிறும் கேட்டேன். பொறுப்பானவர் சிரித்தார். "தம்பி, ஒரு டிஸ்க்கைக் கழற்ற ஒரு நிமிசம், பூட்ட ஒரு நிமிசம். எல்லாமா 24 நிமிசம். ரெண்டு நாளா என்ன செய்யப் போறீங்க?"

கணக்கு சரிதான். ஸ்க்ரூ ட்ரைவர்கூடத் தேவைப்படாது. முன்னால் உள்ள பொத்தானை அழுத்தினால் டிஸ்க் இருக்கும் டிரே கையோடு வந்துவிடும். அவ்வளவு லேசாக வருவதுதான் பிரச்சினையே. மூடி திறக்கச் சிரமமான போத்தலில் இருக்கும் மருந்தைக் குழந்தை எடுத்துக் குடிப்பதில்லை.

மட்டக்களப்பு ஆட்களுக்கு இதைச் சொல்ல என்னிடம் ஒரு வழி இருக்கிறது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு மாறும், குடி, அதாவது தாய் வழியாக வருகிற வம்சம், மாறாது. கடைசி வரைக்கும் அவன் தாயின் குடிதான். கோயிலில் "நீ என்ன குடி?" என்று கேட்டால் மாமியார் வீட்டுக் குடியைச் சொல்லிவிட முடியாது.

டிஸ்க்கும் அதே சாதி. பெட்டிக்குள் டிஸ்க்குகளை ஒரே கூட்டமாகச் சேர்த்து நடத்தும் கன்ட்ரோலர் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சின்ன மூலையைத் தனக்கென்று வைத்துக்கொண்டு அதில் எழுதி வைக்கிறது: இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, கூட்டத்தில் மொத்தம் எத்தனை பேர், இது எத்தனையாவது ஆள், தரவை எந்த அளவில் துண்டு போட்டிருக்கிறோம். நெட்அப் போன்ற கொம்பனிகளின் பெட்டிகளில் சொந்தக்காரர் யார் என்பதும் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும். வேறு பெட்டியில் கொண்டுபோய்ப் பூட்டினால் அங்குள்ள கன்ட்ரோலர் முதலில் வாசிப்பது அந்த மூலையைத்தான். வாசித்துவிட்டு, இவன் நம்ம ஆள் இல்லை என்று திரையில் போடும். பல சேர்வர்களில் 'ஃபொரின்' என்றே வரும்.

இது எரர் இல்லை. மஞ்சள் நிறத்தில் வருவதால் எங்கள் பையன்கள் பயந்துபோகிறார்கள், அவ்வளவுதான். அது ஒரு கேள்வி. இந்த வெளியாளைக் கூட்டத்தோடு சேர்த்து எடுக்கவா, அவன் குடியை அழித்துவிடவா? இம்போர்ட், கிளியர் என்று இரண்டு வழி. தவறினால் அழுகிற வழி எது என்று சொல்லத் தேவையில்லை.

அதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் கல்முனைப் பக்கம் ஒரு இடத்தில் 6 டிஸ்க், ரெய்ட் 5, அதாவது ஆறும் ஒரே கூட்டமாகத் தரவைப் பங்கு போட்டு வைத்து, ஒன்று போனாலும் தாங்குகிற முறை. பெட்டியின் பவர் சப்ளை போய்விட்டது, அதே மாடலில் இன்னொன்று கிடைத்தது. ஆறையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தேன். இடமிருந்து வலம், மனதில் இருக்கிறது, எதற்கு எழுத வேண்டும் என்ற திமிர். அந்த நேரம் தேத்தண்ணி வந்தது. தட்டு வைக்க இடமில்லை என்று கொண்டுவந்த காக்கா, அதாவது அங்கு வேலை செய்யும் முஸ்லிம் அண்ணன், டிஸ்க்குகளை அழகாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓரத்தில் வைத்துவிட்டார். அவர் மேல் பிழை இல்லை. ஆறும் பார்க்க ஒரே மாதிரி.

பூட்டினேன். ஃபொரின் என்று வந்தது. வாசலில் நாலு பேர் நின்று "முடிஞ்சா? முடிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிளியர் கொடுத்தேன். என் விரல்தான்.

கிளியர் கொடுத்ததால் தரவு அழிந்துவிடவில்லை, குடிப் பதிவு மட்டும்தான் போனது. பழைய வரிசையும் துண்டின் அளவும் தெரிந்திருந்தால், எதையும் புதிதாக எழுதவிடாமல் கூட்டத்தைத் திரும்பக் கட்டியிருக்கலாம். ஆனால் 6 டிஸ்க்கை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். எங்கள் வரிசை தேத்தண்ணித் தட்டோடு போய்விட்டது. மறுகா ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுத்து, அசலைத் தொடாமல் பிரதிகளை வைத்து வரிசை கண்டுபிடித்து எல்லாம் மீள 11 நாள். 24 நிமிடக் கணக்குக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 11 நாள்தான் ஞாபகம் வரும்.

இப்போது மேசையில் எதையும் வைப்பதில்லை. கழற்றுவதற்கு முன் பெட்டியின் படம், ஒவ்வொரு இடத்தின் எண்ணுக்கும் நேரே டிஸ்க்கின் சீரியல் எண், கூட்டத்தின் அமைப்பு எல்லாம் கடதாசியில். ஆம், கடதாசியில்தான். அந்தக் குறிப்பை அதே ஸ்டோரேஜில் சேமித்துவிட்டுப் பெட்டியை நிறுத்திய ஒரு கெட்டிக்காரரையும் எனக்குத் தெரியும். லேபிள் டிரேயில் ஒட்டுவேன், டிஸ்க்கின் மேல் ஒட்டமாட்டேன். சாதாரண டிஸ்க்கில் காற்று வாங்க ஒரு சின்னத் துளை இருக்கும், மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

இன்னொன்று, ஒரு கொம்பனிப் பெட்டியில் பழகியதை இன்னொன்றில் செய்யக்கூடாது. சாதாரண சேர்வர் ரெய்ட் கார்ட் என்றால் கூட்டத்தை மாற்றும்போது இரண்டு பக்கமும் பவரை நிறுத்திவிட்டு மாற்றச் சொல்வார்கள். மென்பொருளே கூட்டத்தை நடத்துகிற இசட்எஃப்எஸ் என்றால் பழைய இடத்தில் முறையாக எக்ஸ்போர்ட் செய்து விடைபெற்று வர வேண்டும். நெட்அப்பில் உதிரியாக நிற்கும் ஸ்பெயார் டிஸ்க்கை எடுப்பதென்றால் முதலில் பழைய பெட்டியில் சொந்தத்தை விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியது அதைத் தொடாது. சில பெரிய பெட்டிகளின் டிஸ்க்கில் ஒரு செக்டர், அதாவது தரவு எழுதும் ஒரு கட்டம், 512 பைட் இல்லை, 520. அதைச் சாதாரண சேர்வரில் போட்டால் டிஸ்க் பழுது என்று நினைத்து எறிந்துவிடுவோம். திரும்ப ஃபோமட் செய்தால் ஓடும், ஆனால் உள்ளே இருந்த அனைத்தும் போய்விடும். தானே மறைகுறியாக்கும் டிஸ்க் என்றால் இன்னும் மோசம். சாவி பழைய பெட்டியிலோ தனிச் சேர்வரிலோ இருக்கும். சாவியை விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் கொண்டுவருவது பூட்டிய பெட்டகத்தைத் தலையில் சுமந்துகொண்டு வருகிற வேலை.

அப்புறம் எங்கள் ஊர்க் காற்று. வெளிநாட்டில் எழுதிய வழிகாட்டியில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். ஏசி அறையில் 20 பாகையில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால், ஐஸ் சோடாப் போத்தல் வியர்ப்பது மாதிரி அதுவும் வியர்க்கும். ஆகவே உள்ளேயே நிலைமின் தடுக்கும் பையில் போட்டு மூடி, போய்ச் சேர்ந்ததும் பை திறக்காமல் சில மணி நேரம் கிடக்கவிட வேண்டும். இரண்டு நாளில் பாதி இப்படிச் சும்மா இருக்கிற நேரம்தான். அதற்கும் சேர்த்துத்தான் நான் காசு கேட்கிறேன்.

கழற்றும்போதும் அவசரம் கூடாது. பெட்டி ஓடும்போதே கழற்ற வேண்டி வந்தால் டிஸ்க்கை முழுதாக இழுக்காமல் கொஞ்சம் வெளியே எடுத்து, அரை நிமிடமாவது விட வேண்டும். உள்ளே தகடு நிமிடத்துக்கு 7,200 தரம் சுற்றிக்கொண்டிருந்தது. கையில் வைத்தால் பம்பரம் திமிறுவது தெரியும். நின்ற டிஸ்க் அடியைத் தாங்கும், சுற்றுகிற டிஸ்க் அந்தளவு தாங்காது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு நாற்பது கிலோமீற்றர் அளவு. கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று வேகத்தடையை எண்ணிக்கொண்டே போகலாம். ஓட்டோவின் பின்சீட்டில் டிஸ்க் ஏற்றி வந்த ஒருவரிடம் நான் பேசவே இல்லை, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

உண்மையில், முடிந்தால் டிஸ்க்கை மாற்றவே கூடாது என்பதுதான் என் கட்சி. புதிய பெட்டிக்குப் புதிய டிஸ்க் வாங்கி, தரவை மட்டும் நெட்வேர்க் வழியாகக் கொண்டுபோனால் பழைய பெட்டி அப்படியே நிற்கும். பிழைத்தால் திரும்பலாம். ஆனால் டிஸ்க் விலையைச் சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. 1988இல் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பெட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்ட் பற்றி எழுதியபோது RAID என்ற அந்தப் பெயரில் இருந்த 'ஐ' (I) எழுத்து மலிவானது என்ற பொருளில் வந்தது. பிற்காலத்தில் அதைத் தனித்தியங்குவது என்று மாற்றிவிட்டார்கள். விலைப்பட்டியலைப் பார்த்தால் மாற்றியதில் நியாயம் இருக்கிறது.

சரி, காசில்லை, பழையதைத்தான் மாற்ற வேண்டும் என்றால் முதலில் பக்கப், தனியாக ஒரு பிரதி. ரெய்ட் இருக்குத்தானே என்பார்கள். ரெய்ட் 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், ரெய்ட் 6 இரண்டு. என் விரலை இரண்டும் தாங்காது. பக்கப்பும் அதே அறையின் அலுமாரியில் இருக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்த ஊரில் இதை நான் விளக்கவேண்டியிருப்பதுதான் ஆச்சரியம்.

அந்தப் பொறுப்பானவரிடம் இதில் பாதியைச் சொன்னேன். குடிக் கதைக்குச் சிரித்தார். 720 கதைக்குச் சிரிக்கவில்லை. கடைசியில் சனி ஞாயிறு கிடைத்திருக்கிறது, வான் வண்டிக்கும் சொல்லியாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: வேலை முடியும்வரை தேத்தண்ணி வெளி விறாந்தையில்.