மருதாணி அழகுக்கு வைத்ததில்லை

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் புகைப்படப் போட்டிக் கண்காட்சியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் பார்த்திருப்பீர்கள். மறுபடி சொல்லி யார் மானத்தையும் வாங்கப் போவதில்லை. ஆனால் நடுவர் சொன்ன ஒரு வார்த்தை மூன்று நாளாகத் தூங்க விடவில்லை. "பொம்பளப் புள்ள எடுத்த படத்துலயே பெண்மை இல்லையேம்மா!"

சரிங்க ஐயா. பரிசு வாங்கிய படத்தில் இருந்ததா? குனிந்து நாற்று நடுகிற பெண், ஈரச் சேலை, பின்னாலிருந்து எடுத்தது. முகமே கிடையாது. என் படத்தில் என் அம்மா வரப்பில் காலை நீட்டி, கஞ்சித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, கேமராவை முறைக்கிறாள். முறைத்ததுதான் குற்றம்போல.

போகட்டும் என்று ஆறுதலுக்கு ஒன்று சொன்னார் பாருங்கள்: "கால்ல அந்த மருதாணி மட்டும் அழகு." ஐயா, அது சேற்றுப்புண். நடவு முடிகிற வரை நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் விரலிடுக்கு வெந்து தோல் உரிந்துவிடும். ராத்திரி மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு படுப்பாள், காலையில் அதே காலோடு வயலில் இறங்குவாள். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு இதுகூடவா தெரியாது? யார் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம் என்று நான் கத்துவது இதனால்தான்.

அம்ரிதா ஷெர்கில் 1935-இல் வரைந்த 'மூன்று பெண்கள்' ஓவியத்தைப் பாருங்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. கண்ணைத் தாழ்த்தி எதற்கோ காத்திருக்கிறார்கள். 1937-இல் பம்பாய் ஆர்ட் சொசைட்டி அதற்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. நம்மூர் நடுவராக இருந்திருந்தால் "கொஞ்சம் சிரிக்கச் சொல்லி வரையும்மா" என்றிருப்பார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா எடுத்த படங்கள் ஆரம்பத்தில் அவர் கணவர் பெயரில்தான் அச்சாயின. நம் படத்தில் நம் பெயராவது இருக்கிறதே, சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"எல்லா ஆம்பளையும் அப்படியா?" என்று கமெண்டில் வருவீர்கள். இல்லை. அடுத்தது.

"பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல்." ஆமாம், எரிகிறது. எரியக் கூடாதா?

"பெண் எடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?" இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ஆறு வருஷம் முன்பு புதுக் கேமரா வாங்கிய ஜோரில் எங்கள் சித்தி நாற்றுப் பறிக்கும்போது நானும் பின்னாலிருந்து ஒன்று எடுத்தேன். லைக் குவிந்தது. ஆசையாகப் போனில் காட்டினேன். சித்தி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூஞ்சியே இல்லையேடி, இது நான்தான்னு யாரு சொல்லுவா?" என்றாள். அப்புறம், மெதுவாக, "இத ஆம்பளைங்களும் பாப்பாங்கள்ல?" என்றாள். அன்றைக்கே அழித்தேன். சித்தி அதற்குப் பிறகு என் கேமராவுக்கு முகம் கொடுத்ததில்லை. நடுவரைத் திட்ட உட்கார்ந்தவள் எங்கேயோ வந்துவிட்டேன்.

நேற்று அம்மா கேட்டாள், "போட்டி என்னாச்சு?"

"ஒன் காலு அழகா இருக்காம்."

"எந்தக் காலு, இந்தப் புண்ணுக் காலா?" என்று சிரித்துக்கொண்டே மருதாணி உருவக் கொல்லைக்குப் போய்விட்டாள்.