எனக்கு யாரும் எதையும் சும்மா தரவில்லை

வெள்ளிக்கிழமை இரவு நான் போட்ட இரண்டு வரியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இன்பாக்ஸில் வந்து விசாரித்தீர்கள். நன்றி. என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்காகப் பார்ட் டைமில் வேலை செய்கிற நான், ஒபிஸ் கூட்டத்தில் என் நேரம் முடிந்து எழும்பியபோது கேட்ட ஒரு வசனம்தான். அந்தக் கூட்டத்தில் இருந்த மூன்று பேர் இங்கே என் நண்பர்கள் பட்டியலிலும் இருக்கிறீர்கள். நீங்களும் வாசியுங்கள். இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"அரை நாள் மிஸ் வெளிக்கிட்டுட்டா."

சொன்னது அவ்வளவுதான். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தது.

பன்னிரண்டரைக்கு வைத்த கூட்டம் அது. ஒன்றே காலுக்குள் முடியும் என்றார்கள். ஒன்று இருபதுக்கே எனக்கு நெஞ்சு கட்டத் தொடங்கிவிட்டது. பால் கொடுத்த பெண்களுக்கு அது விளங்கும். முதலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், பிறகு கல்லாக இறுகும், அப்புறம் யாரையும் கேட்காமல் வழியத் தொடங்கும். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி பதினைந்து நிமிடம் இருந்தேன். ஒன்று முப்பத்தைந்துக்கு எழும்பினேன். என் நேரம் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து. அப்போதுதான் அந்த வசனம்.

சரி, இந்த "அரை நாள்" என்ன என்று கணக்காகவே சொல்கிறேன். நான் கணக்குப் பகுதியில் இருக்கிறவள். முழு நேரம் என்றால் எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம். நான் எட்டரையிலிருந்து ஒன்றரை வரை, ஐந்து மணித்தியாலம். சம்பளம் சரி பாதி. அதாவது நான்கு மணித்தியாலத்துக்குச் சம்பளம், ஐந்து மணித்தியாலத்துக்கு வேலை. சம்பளம் பாதியானால் ஈபிஎஃப்பும், அதாவது ஊழியர் சேமலாப நிதியும் பாதி. நான் கட்டுகிற 8 வீதமும் குறைகிறது, கம்பனி கட்டுகிற 12 வீதமும் குறைகிறது, ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி கட்டுகிற 3 வீதமும் குறைகிறது. இதையெல்லாம் மாதாமாதம் கம்ப்யூட்டரில் அடிப்பதே நான்தான். என் பெயருக்கு நேரே அந்தத் தொகையை அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் கை நிற்கும்.

ஆகவே எனக்கு யாரும் சலுகை தரவில்லை. என் சம்பளத்தைக் கொடுத்து என் நேரத்தை நான் வாங்கியிருக்கிறேன். தினமும் ஒரு மணித்தியாலம் மேலதிகமாகவும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

"நாலு மாதம் சம்பளத்தோடு லீவு எடுத்தீர்கள்தானே, இன்னும் என்ன வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருந்தார். தம்பி, அது நீங்கள் நினைக்கிற மாதிரி கம்பனி இரக்கப்பட்டுத் தந்தது இல்லை. சட்டம். 84 வேலை நாள், அதில் பிள்ளை பிறக்க முன்னர் 14, பிறகு 70. 2018க்கு முன்னர் மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். வார விடுமுறையும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் கழித்து எண்ணினாலும் பிள்ளைக்கு நான்கு மாதம் முடிய முன்னர் நான் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் சொல்கிறா, கிளினிக்கில் சொல்கிறார்கள், உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. மிச்சம் இரண்டு மாதத்துக்குப் பிள்ளை என்ன செய்யும்? அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. அரசாங்க வேலையில் இருக்கிற என் அக்காவுக்கு 84 நாள் முழுச் சம்பளத்தோடு, பிறகு 84 நாள் அரைச் சம்பளத்தோடு, அதற்கு மேல் தேவையென்றால் 84 நாள் சம்பளமில்லாமல். அவ எடுத்தா. ஒருவரும் அவவை அரை நாள் மிஸ் என்று கூப்பிடவில்லை.

இன்னொன்று. ஒரு வயதுக்குள் பிள்ளை இருக்கிற தாய்க்கு வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை விட வேண்டும். பிள்ளையைப் பார்க்கும் இடம் வேலைத்தலத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் அதில் சேராது. இதுவும் சட்டம்தான். நான் திரும்பி வந்தபோது எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை, நானாகத் தேடி வாசித்தேன். வாசித்து என்ன செய்ய? ஒபிஸ் கொள்ளுப்பிட்டியில், பிள்ளை வெள்ளவத்தையில் அம்மாவோடு. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, காலி வீதி நெரிசலில் நின்று, இறங்கி நடந்து, மூன்று மாடி ஏறி, பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஒரு மணித்தியாலம் போதுமா? சட்டம் தந்த நேரம் பஸ்ஸிலேயே முடிந்துவிடும். அதனால்தான் பார்ட் டைம் கேட்டேன். அதைக் கேட்கிற உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை. லண்டனில் இருக்கும் மச்சாளுக்கு இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் 2003இலிருந்து கேட்கலாமாம். அங்கேயும் மறுக்கிறார்கள்தான், ஆனால் மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். இங்கே நான் கெஞ்சிக் கேட்டேன். கேட்டது மட்டும்தான் கெஞ்சி. வாங்கியது காசு கொடுத்து.

முதல் மூன்று வாரம் முழு நேரம்தான் வேலை செய்து பார்த்தேன், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டேஷனரி அறையில் ஏ4 பேப்பர் பெட்டி ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் காலையும் வைத்துக்கொண்டு பால் எடுப்பேன். அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. போத்தலில் டேப் ஒட்டி நேரம் எழுதி, இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, ஃபிரிட்ஜில் சாப்பாட்டுப் பார்சல்களுக்குப் பின்னால் வைப்பேன். ஒரு நாள் பின்னேரம் போய்ப் பார்த்தால் போத்தல் வெளியே மேசையில் இருக்கிறது. யாரோ யோகட் வைக்க இடமில்லை என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று தெரியாது, கேட்டாலும் ஒருவரும் சொல்லவில்லை. ஊற்ற மனம் வராமல் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சிங்க்குக்கு முன்னால் நின்றேன். ஊற்றினேன். அடுத்த நாள் காலையில்தான் பார்ட் டைம் கேட்டுக் கடிதம் எழுதினேன்.

"உங்கள் வேலையை மற்றவர்கள்தானே இழுக்கிறார்கள்" என்பவர்களுக்கு: அது உண்மை, மறுக்கவில்லை. மாத முடிவில் பக்கத்து மேசைத் தங்கச்சி ஆறரை வரை இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் என் அரைச் சம்பளம் எங்கே போகிறது? நான் விட்டுக்கொடுத்த பாதியில் இன்னொரு ஆளை அரை நாள் வேலைக்கு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மிச்சம் பிடித்தது கம்பனி, கோபம் வருவது என் மேல். தங்கச்சி என்னோடு கோபிக்காதே, நீ கேட்க வேண்டிய இடம் வேறு.

"அப்படியென்றால் வீட்டில் இருங்களேன்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் ஒரு சம்பளத்தில் வாடகையும் கட்டிப் பிள்ளைக்கும் வாங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், கதைப்போம்.

"எங்கட அம்மாமார் இதெல்லாம் கேட்டவையே?" இதுதான் எனக்கு ஆகக் கூட வலித்தது. என் அம்மா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதினவ. நான் பிறந்து முப்பத்தொன்று கழிந்ததும் காயம் என்கிற பிள்ளைப்பெற்ற மருந்து குடித்த வயிற்றோடு வேலைக்குப் போய்விட்டா. சட்டைக்குள் கைலேஞ்சியை மடித்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரை நிற்பாவாம். மூன்றாவது கிழமை பால் வற்றிவிட்டது. நான் பால்மா குடித்து வளர்ந்த பிள்ளை. இதை முப்பத்திரண்டு வருடமாக அம்மா எனக்குச் சொல்லவில்லை. போன மாதம் மகளுக்கு நான் பால் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு நான் தரேல்லையே பிள்ளை" என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டா. அம்மாமார் கேட்கவில்லை என்கிறீர்கள். யாரிடம் கேட்கச் சொல்கிறீர்கள்? அந்தக் கடையில் கேட்டிருந்தால் அடுத்த நாள் வேலை இருந்திருக்குமா?

மகள் பிறந்து நான்காம் நாள் இவர் வேலைக்குப் போனார். அரசாங்க உத்தியோகத்தருக்காவது மூன்று நாள் லீவு இருக்கிறது, தனியார் துறையில் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. அவருடைய ஒபிஸில் கேக் வெட்டினார்கள். கை கொடுத்தார்கள். இந்த வருடம் பதவி உயர்வும் கிடைத்தது, எனக்கும் சந்தோஷம்தான், மனுசன் கஷ்டப்பட்டு உழைக்கிறவர். ஆனால் ஒருவரும் அவரிடம் "பிள்ளையை யார் பார்க்கிறது" என்று கேட்கவில்லை. என்னிடம் கேட்காதவர் யாருமில்லை.

அந்தக் கூட்டம் எதற்கு என்று இன்னும் சொல்லவில்லையே. அடுத்த வருடப் பதவி உயர்வுப் பட்டியல் பற்றியது. எட்டு வருடம் அந்த இடத்தில் வேலை செய்திருக்கிறேன். என் பெயர் இல்லை. "பார்ட் டைமில இருக்கிறவையை இந்த முறை எடுக்கேல்லை" என்று போகிற போக்கில் சொன்னார்கள். பிழை விட்டேன் என்றோ வேலை தெரியாது என்றோ ஒரு சொல் இல்லை. சம்பளத்தில் பாதியைக் கொடுத்தது போதாமல் எட்டு வருடத்தையும் கொடுக்க வேண்டும் என்று எனக்கு முதலில் யாரும் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். பார்ட் டைமுக்குத் தந்த கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நான்தான் வாசித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வசனத்தைச் சொன்னது ஒரு ஆம்பிளை இல்லை. இரண்டு பிள்ளையின் தாய், நான் அக்கா என்று கூப்பிடுகிறவ. என் வளைகாப்புக்கு வந்து வளையல் போட்டுவிட்டவ. நீங்கள் சிரித்ததை மற்றவர்கள் சிரித்ததோடு சேர்த்து என்னால் மறக்க முடியவில்லை, அக்கா. வெளியே வந்து ஒன்றரைக்கு விட்ட பள்ளிக்கூட வான்களுக்கு நடுவில், பம்பலப்பிட்டியில் பஸ் அசையாமல் நிற்கும்போது சால்வை நனைந்து கை வரை வந்துவிட்டது. வீட்டுக்குப் போக இரண்டு இருபது. மகள் அழுது அழுது நித்திரையாகிவிட்டாள்.

பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்டு நேற்று ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலை எட்டரைக்குப் போனதும் அனுப்புவேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.