கைகுலுக்கும் படம் போட்ட டவுசர்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், முதல் பந்திக்கும் இரண்டாம் பந்திக்கும் நடுவே பனிப்போர் மறுபடியும் மூண்டுவிட்டது. ஒரு பக்கம் பெரியப்பா, எழுபது வயதிலும் கம்யூனிஸ்ட் கட்சி அட்டையைப் புதுப்பிக்கத் தவறாதவர். எதிரே மாமா. மகன் டல்லாஸில் வேலை பார்ப்பதால் அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்கும் பொறுப்பு தன்னுடையது என்று நினைப்பவர்.

"அத்தான், ராக்கெட் விட்டான், சரி. ரொட்டிக்கு க்யூவுல நின்னானா இல்லையா?"

"உங்க ஆளு க்யூவே இல்லாம வியட்நாம்ல குண்டு போட்டானே மாப்ளே, அதச் சொல்லு."

இரண்டாம் பந்திக்கு இலை போட்டதும் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வாளிச் சாம்பாரைச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் அந்த ரொட்டிக் கேள்வி தொண்டையில் நின்றுவிட்டது. அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் நடந்த பனிப்போர் என்றால் ஏவுகணை, உளவாளி, பெர்லின் சுவர் என்றுதான் பேசுகிறோம். என்னைக் கேட்டால் அந்த நாற்பத்தைந்து வருடச் சண்டையைக் கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தால்தான் இரண்டு பக்கத்து வேஷமும் தெரியும்.

1957 மே மாதம் லெனின்கிராடில் அன்றைய சோவியத் தலைவர் குருஷேவ் ஒரு சவால் விட்டார். இறைச்சி, பால், வெண்ணெயில் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் சில வருடங்களிலேயே அமெரிக்காவைப் பிடித்துவிடுவோம் என்றார். வெறும் வாய்ச்சவடால் இல்லை, மனுஷன் நிஜமாகவே நம்பினார். 1954 முதலே கஜகஸ்தான் பக்கம் கோடிக்கணக்கான ஏக்கர் கன்னி நிலத்தை உழச் சொல்லியிருந்தார். 1959 செப்டம்பரில் அமெரிக்கா போனபோது அயோவா மாநிலத்தில் ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற விவசாயியின் பண்ணைக்கே போய் நின்றார். கார்ஸ்ட் வீரிய மக்காச்சோள விதை வியாபாரி. 1955லிருந்தே கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு விதை விற்றுவந்தவர். பத்திரிகைக்காரர்கள் கூட்டமாக மொய்த்து சோளத்தையும் பார்க்க விடவில்லை, பேசவும் விடவில்லை. கடுப்பான கார்ஸ்ட், மாட்டுத் தீவனத்தைக் கை நிறைய அள்ளி அவர்கள் மேல் வீசினார். குருஷேவ் விழுந்து விழுந்து சிரித்தார். சுரங்கத் தொழிலாளியின் மகனும் அயோவா விவசாயியும் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட இடம் அது. அந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த காட்சியும் அதுதான்.

ஊர் திரும்பியவர் சோளம் விளையாத குளிர்ப் பகுதிகளிலும் சோளம் போடு என்றார். மேலிடம் சொன்னால் வயல் கேட்குமா? பல இடங்களில் கதிரே பிடிக்கவில்லை.

1962 ஜூன் 1 அன்று இறைச்சி விலை 30 சதவீதமும் வெண்ணெய் விலை 25 சதவீதமும் ஏறின. தென் ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் ஊரில் ரயில் எஞ்சின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வேலைக்கூலியையும் குறைத்திருந்தார்கள். இனி எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டவர்களிடம் ஆலை இயக்குநர், இறைச்சி வாங்க முடியாவிட்டால் ஈரல் வைத்த பணியாரம் தின்னுங்கள் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வேலை எப்படி ஓடும்? சங்கு ஊதியது, எஞ்சின்கள் நின்றன. மறுநாள் ஆயிரக்கணக்கானவர்கள் செங்கொடியோடும் லெனின் படத்தோடும் ஊர்வலம் போனார்கள். லெனின் படத்தோடு என்பதைக் கவனியுங்கள். அவர்கள் மேல்தான் துப்பாக்கிச் சூடு. 26 பேர் செத்தார்கள். பிறகு விசாரணை நடத்தி 7 பேருக்கு மரண தண்டனையும் கொடுத்தார்கள். உடல்களைக் குடும்பத்திடம் தராமல் வெவ்வேறு ஊர் இடுகாடுகளில் ரகசியமாகப் புதைத்தார்கள். 1980களின் கடைசி வரை அந்த நாட்டு மக்களுக்கே இந்த விஷயம் முழுசாகத் தெரியாது.

அதே வருடம் அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை நெருக்கடி. உலகமே கரீபியன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் சோவியத் ஆட்சிபீடமான கிரெம்ளினை உள்ளுக்குள் உலுக்கியது நோவோசெர்காஸ்க்தான் என்று நினைக்கிறேன். 1963இல் வறட்சி வந்து விளைச்சல் படுத்தபோது, குருஷேவுக்கு முன்னால் ஆண்ட ஸ்டாலின் செய்தது போல மக்களைப் பட்டினி போட்டுவிட்டு ஏற்றுமதி செய்ய அவர்களால் முடியவில்லை. தங்கத்தை விற்றுக் கனடாவிடமும் ஆஸ்திரேலியாவிடமும் கோதுமை வாங்கினார்கள். அமெரிக்காவும் விற்கலாம் என்று கென்னடி அனுமதி கொடுத்தார். அடுத்த வருடம் குருஷேவ் பதவி போயிற்று.

இந்த இடத்தில் மாமா கைதட்டுவார். இருங்கள் மாமா, அடுத்தது உங்கள் முறை.

1972இல் மறுபடி ரஷ்யாவில் விளைச்சல் மோசம். சோவியத் கொள்முதல் அதிகாரிகள் அமெரிக்காவுக்கு வந்து பெரிய தானிய கம்பெனிகள் ஒவ்வொன்றோடும் தனித்தனியாகப் பேசி வாங்கினார்கள். எவ்வளவு போகிறது என்று ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் தெரியாது. கணக்குப் பார்த்தபோது அந்த வருட அமெரிக்கக் கோதுமையில் கிட்டத்தட்ட கால்வாசி போயிருந்தது. அதற்கு அமெரிக்க அரசு கடனும் கொடுத்து, ஏற்றுமதிக்கு மானியமும் கொடுத்தது. சந்தையின் மகிமையைப் பேசும் நாட்டில், வரிப்பணத்தில் விலை குறைத்துக் கம்யூனிஸ்ட்டுக்குக் கோதுமை! சந்தைத் தந்திரத்தில் ஜெயித்தது மாஸ்கோ அதிகாரிகள். அதன் பிறகு உலகச் சந்தையில் கோதுமை விலை இரண்டே வருடத்தில் ஏறக்குறைய மும்மடங்கானது. அமெரிக்கர்களே அதற்கு 'மாபெரும் தானியக் கொள்ளை' என்று பெயர் வைத்தார்கள்.

விலை ஏறினால் யாருக்கு வலிக்கும்? மாஸ்கோவிடம் தங்கமும் எண்ணெயும் இருந்தது. வங்கதேசத்திடம் சணல் மட்டும்தான் இருந்தது.

1974. விடுதலையாகி மூன்றே வருடம் ஆன நாடு. வெள்ளம், விலைவாசி, கையில் அந்நியச் செலாவணி இல்லை. கிடைத்த சந்தையில் விற்றாக வேண்டும் என்று கம்யூனிஸ்ட் கியூபாவுக்கு 40 லட்சம் சணல் சாக்குகளை விற்றது. கியூபாவோடு வியாபாரம் செய்யும் நாட்டுக்கு உணவு உதவி கிடையாது என்று சட்டத்தைக் காட்டி வாஷிங்டன் கையைக் கட்டிக்கொண்டது. டாக்கா அரசு சாக்கு விற்பதை நிறுத்திக்கொண்டது. தானியம் வந்து சேர்வதற்குள் பஞ்சம் ஆட வேண்டிய ஆட்டத்தை ஆடி முடித்திருந்தது. பஞ்சத்துக்கு வெள்ளம், பதுக்கல், உள்ளூர் நிர்வாகம் என்று வேறு காரணங்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் இரண்டு வருடம் முன்பு சோவியத்துக்கே கடன் கொடுத்துக் கோதுமை விற்றவர்கள், சாக்கு விற்ற ஏழையிடம் சட்டம் பேசினார்கள். நோவோசெர்காஸ்கைப் படித்தபோது வந்த அதே கோபம்தான் இங்கேயும் வந்தது.

இந்தியாவுக்கும் இந்த அனுபவம் உண்டு. பி.எல்.480 என்ற பெயர் பழைய தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். 1954இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட உணவு உதவிச் சட்டம். கிடங்கில் தேங்கிய உபரியைத் தள்ளிவிட்ட மாதிரியும் ஆச்சு, நட்பு நாடு பிடித்த மாதிரியும் ஆச்சு. 1965, 66இல் மழை பொய்த்தபோது கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலை. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி. வியட்நாம் போரைப் பற்றி டெல்லி வாய் திறந்தது அப்போதைய அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, மாதம் மாதம் பார்த்துத்தான் கப்பலை விட்டார். கோதுமை வந்தது, பசி ஆறியது, அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். அந்த அவமானத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். விவசாய மந்திரியாக இருந்து மெக்சிகோவிலிருந்து அதிக விளைச்சல் தரும் குட்டை ரகக் கோதுமை விதை 18,000 டன்னைத் தருவித்தார். நிலத்துக்கும் தண்ணீருக்கும் அந்த விதையோடு வந்த பசுமைப் புரட்சி என்ன செய்தது என்பது தனிப் பதிவுக்கான சண்டை. கப்பலுக்காகக் காத்திருந்த நாட்டின் மந்திரியாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை. 1973இல் நமக்குத் தானியம் போதாமல் போனபோது சோவியத் 20 லட்சம் டன் கோதுமை கடனாகக் கொடுத்தது. முந்தின வருடம்தான் அவர்களே அமெரிக்காவிடம் வாங்கியிருந்தார்கள்.

1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தானில் நுழைந்ததற்குத் தண்டனையாக ரஷ்யாவுக்கு 1.7 கோடி டன் தானியம் கிடையாது என்றார் அமெரிக்க அதிபர் கார்ட்டர். அர்ஜென்டினா சந்தோஷமாக விற்றது. அமெரிக்க விவசாயிதான் கத்தினான். தடையை 1981 ஏப்ரலில் நீக்கியவர் யார் என்றால், இரண்டு வருடம் கழித்து சோவியத்தைத் தீய சாம்ராஜ்யம் என்று சபித்த அதே ரீகன், கார்ட்டருக்கு அடுத்து வந்த அதிபர். எண்பதுகளில் சில வருடங்களில் சோவியத் இறக்குமதி 4 கோடி டன்னைத் தாண்டியது. சைபீரிய எண்ணெயை விற்றுத்தான் ரொட்டி வாங்கினார்கள். 1986இல் எண்ணெய் விலை பாதிக்குக் கீழே விழுந்தது. அப்புறம் ஐந்தே வருடத்தில் சோவியத்தே உடைந்துபோனது ஊருக்கே தெரியும்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் பெரியப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன், "நீங்க படிச்சப்ப பள்ளிக்கூடத்துல மதியச் சோறு என்ன போட்டாங்க?"

சிரித்துவிட்டார். "உனக்குத் தெரிஞ்சுதானே கேக்குற."

மஞ்சள் மக்காச்சோள மாவு உப்புமா. கேர் என்ற தொண்டு அமைப்பு வழியாக வந்த அமெரிக்க மாவு, அமெரிக்க எண்ணெய், அமெரிக்கப் பால் பவுடர். ஐந்து வருடம் சாப்பிட்டிருக்கிறார். சூடாக இருக்கும்போது நல்ல ருசி, ஆறிப்போனால் செங்கல் என்றார். மாவு வந்த துணி மூட்டையை வாத்தியாரிடம் கேட்டு வாங்கி அப்பத்தா டவுசர் தைத்துக் கொடுத்தார்களாம். மூட்டையில் அமெரிக்க உதவியின் சின்னமாக இரண்டு கைகள் குலுக்குகிற படம் இருக்கும். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாத சாயம். அது சரியாகப் பின்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அரிசி இல்லாத காலம். கட்சிக்காரங்க ஊர்வலம் போனாங்க. எனக்குப் பதினொரு வயசு. கொடியக் குடுத்து முன்னால நிக்க வச்சுட்டாங்க. அந்த டவுசரோடதான் போனேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா பெரியப்பா?"

"நான் முன்னாடியில்ல போனேன். பின்னாடி வந்தவன் பூரா அதப் பாத்துக்கிட்டேதான் 'அமெரிக்க ஏகாதிபத்தியம் ஒழிக'ன்னு கத்திக்கிட்டு வந்திருப்பான்."